சணல் துணியில் ஹூக் செய்த கம்பளிக் கால்மிதி: ஓரத்தை எப்படி முடிப்பது?

சென்னிமலைக்காரி

வணக்கம்ங்க. ஒரு கால்மிதியை ஹூக் செய்து முடித்துவிட்டேன், ஓரத்தில் வந்து மாட்டிக்கொண்டு நிற்கிறேன். தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

கனடாவில் ஹாலிஃபாக்ஸில் இருக்கும் என் அக்கா அங்கே ரக் ஹூக்கிங் கற்றுக்கொண்டாள். அந்தப் பக்கமெல்லாம் பாட்டி காலத்துக் கைவேலையாம். ஊருக்கு வந்தபோது ஒரு கொக்கியையும், பழைய கோட்டு, பாவாடையைப் பிரித்தெடுத்த கம்பளித் துணி ஒரு பையும் கொடுத்துவிட்டுப் போனாள். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: சணல் துணியைச் சட்டத்தில் விறைப்பாகக் கட்டி, கம்பளியைக் கால் அங்குலப் பட்டையாகக் கிழித்து, பட்டையை அடியில் ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மேலேயிருந்து கொக்கியை விட்டு வளையம் வளையமாக இழுத்துக்கொண்டே போக வேண்டும். முடிச்சு, பசை எதுவும் கிடையாது. வளையங்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு தானாக நிற்கும்.

நான் செய்தது அரைவட்டம். நேர்ப்பக்கம் 36 அங்குலம், நடுவில் உயரம் 18. நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு காங்கேயம் காளை, சுற்றிலும் மஞ்சளும் பச்சையும். காளை நன்றாக வந்திருக்கிறது, நானே சொல்லிக்கொள்கிறேன். சணல் துணி ஈரோட்டில் வாங்கியது. கான்கிரீட் தூணுக்குத் தண்ணீர் நிற்கச் சுற்றுவார்களே, அந்தத் துணிதான். சுற்றிலும் மூன்று அங்குலம் விட்டிருக்கிறேன். சட்டத்திலிருந்து கழற்றியதும் தொட்ட இடமெல்லாம் இழை உருவிக்கொண்டு வருகிறது. அதோடு வளைந்த பக்கம் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்து நிற்கிறது, நேர்ப்பக்கம் சரியாகத்தான் இருக்கிறது.

தையல்காரர் ஓவர்லாக் அடித்து உள்ளே மடித்து ஒரு தையல் போட்டால் முடிந்தது என்கிறார். பக்கத்து வீட்டில் பின்னால் லேடக்ஸ், அதாவது ரப்பர் பால், பூசச் சொல்கிறார்கள். அக்காவைக் கேட்டால் “விப்பிங் பண்ணு, டேப் வேண்டுமானால் டேப் வை” என்று இரண்டையும் சொல்லிவிட்டு, அங்கே நடுராத்திரி என்று போனை வைத்துவிட்டாள். எதைச் செய்வது? மூலையையும் வளைவையும் எப்படி மடிப்பது? இந்த நெளிவு இஸ்திரி போட்டால் போகுமா?

கரூர் சாம்பிள்ரூம்

அம்மணி, முதலில் கத்தரிக்கோலைத் தூர வையுங்கள். அந்த மூன்று அங்குலத்தில் ஒரு நூல்கூட இப்போது வெட்டக் கூடாது. நான் ஹூக் ரக் செய்கிற ஆள் கிடையாது. கரூரில் ஏற்றுமதிக்குப் போகிற டேபிள் மேட், கால்மிதி இவற்றுக்குச் சாம்பிள் தைக்கிற வேலை. வெளிநாட்டு வாடிக்கையாளர் அனுப்பிய ஹூக் ரக் சிலவற்றுக்கு ஓரம் கட்டியிருக்கிறோம், அந்த அளவில் சொல்கிறேன்.

நெளிவை முதலில் பார்த்துவிடுவோம், ஏனென்றால் நெளிவோடு ஓரம் கட்டினால் அது நிரந்தரமாகிவிடும். விரிப்பைத் திருப்பிப் போட்டு வளைந்த பக்கத்தின் அடியைப் பாருங்கள். கம்பளிப் பட்டைகளுக்கு நடுவே அங்கங்கே சணல் தெரிய வேண்டும். ஒரு பொட்டுச் சணல்கூடத் தெரியாமல் கம்பளியாகவே இருந்தால், வளையங்களை அளவுக்கு மீறித் திணித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். கால் அங்குலப் பட்டைக்குச் சணல் நெசவின் ஒவ்வொரு கண்ணிலும் (இழைகளுக்கு நடுவே இருக்கும் ஓட்டை) வளையம் இழுக்கத் தேவையில்லை, ஒன்றிரண்டு கண் விட்டு விட்டுத்தான் இழுக்க வேண்டும். வளைவில் வரும்போது எல்லோருக்கும் கை தானாக நெருக்கும். கடைசி இரண்டு வரிசையை மட்டும் உருவிவிட்டு, தளர்வாக மறுபடி இழுங்கள். உருவிய இடத்தில் ஓட்டை பெரிதாகத் தெரிந்தால் நகத்தால் சணல் இழையைச் சுரண்டி நகர்த்தினால் மூடிக்கொள்ளும்.

அப்புறம் ஆவி. தரையில் தடிமனான துண்டை விரித்து, ரக்கைக் கவிழ்த்துப் போட்டு, மேலே ஈரத் துணி, அதன் மேல் கம்பளிச் சூட்டில் இஸ்திரிப் பெட்டி. தேய்க்கக் கூடாது, வை, எடு, அடுத்த இடத்தில் வை. அடிப்பக்கம் முடிந்ததும் திருப்பி மேல்பக்கம் ஒருமுறை. ஈரத் துணி என்றால் பிழிந்த துணி, சொட்டச் சொட்ட இல்லை. சணல் நன்றாக நனைந்தால் அதிலிருந்து பழுப்புக் கறை கம்பளிக்கு ஏறும். காயும்வரை தட்டையாகத் தரையிலேயே கிடக்கட்டும், கொடியில் போடாதீர்கள்.

இதற்கெல்லாம் பிறகுதான் தையல். கடைசி வளையத்திலிருந்து முக்கால் அங்குலம் தள்ளி ஜிக்ஜாக்கில் சுற்றிலும் ஒரு வரிசை, இன்னும் கால் அங்குலம் தள்ளி இரண்டாவது வரிசை. 16 அல்லது 18ஆம் நம்பர் ஊசி. இரண்டாவது வரிசைக்கு வெளியே ஒட்டி வெட்டுங்கள். தூணுக்குச் சுற்றுகிற சணல் ரொம்பத் தளர்வான நெசவு, அதனால்தான் இரண்டு வரிசை. ஒரே ஓவர்லாக்கை நம்பினால் தையலும் சணல் ஓரமும் சேர்ந்து அப்படியே நாடாவாகக் கழன்று வந்துவிடும். போதாததற்கு ஓவர்லாக் மிஷினில் கத்தி ஓடிக்கொண்டே இருக்கும், துணி கொஞ்சம் நழுவினால் காளையின் வாலையே வெட்டிவிடும்.

தையல்காரர் சொன்ன மாதிரி மடித்துத் தைத்தால் என்ன குறை என்றால், மடிப்பின் முனையில் வெறும் சணல் வெளியே தெரியும். எந்த விரிப்பும் முதலில் தேய்வது அந்த முனையில்தான். செருப்பு உரசுகிற இடம், விளக்குமாறு உரசுகிற இடம், மடங்கி மடங்கி நிமிர்கிற இடம் எல்லாம் அது. சணல் அங்கே அறுந்ததும் பக்கத்தில் இருக்கிற வளையங்களைப் பிடித்துக்கொள்ள ஆளில்லை. அதனால் எப்படி முடித்தாலும் சரி, அந்த முனையை வேறு ஏதாவது மூடியிருக்க வேண்டும். நான் காட்டன் டேப், அதாவது அகலமான பருத்தி நாடா, என்றுதான் சொல்வேன்.

கோவை கம்பளி

கண்ணு, காளையின் படத்தைப் போடு, பார்க்க ஆசையாக இருக்கிறது.

கரூர்க்காரர் சொன்னதில் ஆவி, ஜிக்ஜாக் இரண்டுக்கும் நான் கையெழுத்துப் போடுவேன். மடிப்பு முனை விஷயமும் உண்மை. அமெரிக்காவில் இந்த வேலை பரவியதே 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சணல் சாக்கு மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகுதான், அந்தச் சணல் நம் வங்காளத்தில் விளைந்தது. மெய்ன் மாநிலத்தில் எட்வர்ட் சாண்ட்ஸ் ஃப்ராஸ்ட் என்று ஒரு தகரச் சாமான் வியாபாரி 1860களின் கடைசியில் தகரத்தில் அச்சு வெட்டிச் சாக்குத் துணியில் பூவும் சிங்கமும் பதித்து விற்றிருக்கிறார். அந்தக் காலத்து விரிப்புகளில் நடுவில் பூ பளிச்சென்று இருக்கும், ஓரம் மட்டும் அரித்துப் போய் யாரோ பிற்பாடு ஒட்டுப் போட்டிருப்பார்கள். சணலின் குணம் அது, வருஷம் போகப் போக உலர்ந்து நொறுங்கும். அடுத்ததை லினனிலோ, மாங்க்ஸ் கிளாத் என்கிற தளர்வான நெசவுக் காட்டன் துணியிலோ செய்.

ஆனால் டேப்பா விப்பிங்கா என்றால் நான் விப்பிங் கட்சி. கம்பளி நூலால் ஓரத்தைச் சுற்றிச் சுற்றித் தைப்பதுதான் விப்பிங். டேப் வைத்த ஓரம் தட்டையாக, கடைசி வளையத்தைவிடத் தாழ்ந்து நிற்கும். அதனால் மிதி முழுவதும் கடைசி வரிசை வளையத்தில் விழும். விப்பிங்கில் உள்ளே ஒரு கயிறு வைக்கிறோம், அது வளையத்தின் உயரத்துக்கு எழுந்து நின்று உதையை வாங்கிக்கொள்ளும்.

செய்முறை இதுதான். உனக்குக் கால் அங்குலப் பட்டை, அப்படியென்றால் வளையமும் ஏறக்குறையக் கால் அங்குல உயரம் இருக்கும். அதே தடிமனில் காட்டன் பைப்பிங் கயிறு வாங்கி வெந்நீரில் நனைத்துக் காய வைத்துவிடு, இல்லாவிட்டால் பிறகு சுருங்கி ஓரத்தை இழுக்கும். கயிறைச் சணலின் அடிப்பக்கத்தில், கடைசி வளையத்தை ஒட்டி வைத்து, மிச்சமிருக்கும் சணலைக் கயிறின் மேல் பின்பக்கமாக மடித்து, பெரிய பெரிய தையலாக ஓடவிட்டுப் பிடித்துக்கொள். பிறகு கம்பளி நூலைக் கோத்து, விரிப்பின் முகம் உன்னைப் பார்க்க வைத்துக்கொண்டு, பின்பக்கத்திலிருந்து கடைசி வளையத்துக்கும் கயிறுக்கும் நடுவில் ஊசியை முன்னால் கொண்டு வா. நூலை ஓரத்தின் மேலாகப் பின்னால் கொண்டு போய் அடுத்த கண்ணில் மறுபடி முன்னால் வா. சுற்று மேல் சுற்றாக ஏறாமல், பக்கத்தில் பக்கத்தில் படுக்க வேண்டும், நடுவில் சணல் எட்டிப் பார்க்கக் கூடாது. முடிச்சுப் போடாதே. தொடங்கும்போது ஒரு அங்குல வாலை ஓரத்தோடு படுக்கவைத்து அதன் மேலேயே சுற்றிக்கொண்டு போ, நூல் தீரும்போது ஏற்கெனவே சுற்றியதற்கு அடியில் நுழைத்து வெட்டிவிடு.

கோணி ஊசி எடுக்காதே. அதன் முனை பட்டையாக இருக்கும், சணல் இழையை அறுத்துவிடும். காது பெரிதாக, முனை மழுங்கலாக இருக்கிற ஊசி வேண்டும்.

நூல்தான் நம் ஊரில் தொல்லை. கடையில் உல்லன் என்று கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக்தான். ஒரு துண்டைக் கொளுத்திப் பார். முடி கருகுகிற வாடை அடித்து, சாம்பலை நசுக்கினால் பொடியானால் கம்பளி. உருகிக் கெட்டியான மணியாக நின்றால் அக்ரிலிக். அக்ரிலிக்கில் ஓரம் சுற்றிவிட்டு அடுத்த வருஷம் ஆவி கொடுத்தால் அந்த ஓரம் மட்டும் படுத்துப் பளபளவென்று ஆகிவிடும். பிகானேர்ப் பக்கம் கார்ப்பெட்டுக்காக நூற்கிற முரட்டுக் கம்பளி நூல் ஆன்லைனில் கிடைக்கிறது, ஓரத்துக்கு அதுதான் லாயக்கு. ஸ்வெட்டர் பின்னுகிற மெரினோ மிருது, கால்மிதிக்குத் தாங்காது. நம் பக்கத்துக் குரும்பை ஆட்டு ரோமம் ஓரத்துக்கு ஏற்ற முரடுதான், நூலாகக் கைக்குக் கிடைத்தால் விடாதே. மேச்சேரி ஆடு வைத்திருக்கிறோம் என்று யாராவது வருவார்கள், அதில் இருப்பது வெறும் முடி, நூலுக்கு ஆகாது.

எவ்வளவு நூல் வாங்குவது என்று ஒருவர் சொல்லும் கணக்கு இன்னொருவருக்குப் பொருந்தாது, ஒவ்வொருவர் நூலும் கையும் வேறு. நாலு அங்குலம் சுற்றிப் பார்த்து எவ்வளவு போனது என்று அள. உன் சுற்றளவு சுமார் 93 அங்குலம், ஆக அதைப் போல 23 மடங்கு, மேலே கொஞ்சம். ஒரே சாயத் தொகுதியில் வாங்கு.

பொள்ளாச்சி நார்

ஏனுங்க, இவ்வளவு கஷ்டம் எதற்கு? எங்கள் பக்கம் தென்னை நார்க் கால்மிதிக்கு அடியில் பிவிசி, ரப்பர் எல்லாம் ஒட்டித்தானே விற்கிறார்கள். ஓரத்தை வெட்டிவிட்டுப் பின்னால் லேடக்ஸ் அடித்தால் இழையும் பிரியாது, வழுக்கவும் செய்யாது.

கரூர் சாம்பிள்ரூம்

நார்க் கால்மிதிக்கு அது சரிங்க, அதன் வாழ்நாளே குறைவு. துப்பாக்கி மாதிரி மிஷினில் அடிக்கிற டஃப்டட் கார்ப்பெட்டுக்கும் லேடக்ஸ் இல்லாமல் முடியாது, அதில் நூலைப் பிடித்துவைப்பதே அந்த லேடக்ஸ்தான், அதற்கு மேல் இன்னொரு துணியும் ஒட்டுவார்கள். கையால் ஹூக் செய்ததில் வளையம் தன் நெருக்கத்திலேயே நிற்கிறது. அதற்கு லேடக்ஸ் பூசினால் ஒரு லாபமும் இல்லை, நஷ்டம் மட்டும் உண்டு. வருஷங்கள் போனால் லேடக்ஸ் காய்ந்து பொடிப்பொடியாக உதிரும். மேலேயிருந்து இறங்குகிற மண் கீழே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கி, மிதிக்க மிதிக்கச் சணலை அரைக்கும். நடுவில் ஒரு வளையம் பிய்ந்தால் மறுபடி இழுத்துச் சரிசெய்யவும் முடியாது. மரவேலைக்கான வெள்ளைப் பசையும் வேண்டாம், காய்ந்தால் விறைக்கும், ஈரம் பட்டால் இளகும். மண் உள்ளேயே தங்கும் என்பதற்காகத்தான் பின்பக்கம் முழுவதும் லைனிங் துணி வைத்து மூடுவதையும் வேண்டாம் என்கிறேன். ஓரம் மட்டும் போதும், முதுகு மூச்சு விடட்டும்.

வழுக்காமல் இருக்க, வலை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கிற ரப்பர் விரிப்பைத் தனியாக அடியில் போட்டால் போதும்.

கோவை அம்மா சொல்கிற விப்பிங் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் வாசலில் தினம் மிதிபடப்போகிற சாமான் இது. டேப் கிழிந்தால் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பிரித்துவிட்டுப் புது டேப் வைக்கலாம், எந்தக் கடையிலும் கிடைக்கும். அதே சாயத்தில் அதே கம்பளி நூலுக்கு அப்போது எங்கே போவது?

கோவை கம்பளி

மிச்ச நூலை எடுத்து வைத்துக்கொள்வதுதான். விப்பிங் ஒரு இடத்தில் தேய்ந்தால் அந்த இரண்டு அங்குலத்தை மட்டும் புதிதாகச் சுற்றினால் போதும், டேப் மாதிரி முழுவதையும் பிரிக்க வேண்டியதில்லை. சரி, சண்டை வேண்டாம். விப்பிங் செய்தாலும் பின்னால் மடித்த சணலின் வெட்டு ஓரத்தை மூட டேப் வைக்கத்தான் வேண்டும். அதனால் கண்ணு, டேப் எப்படியும் வாங்கிவிடு.

சென்னிமலைக்காரி

எல்லோருக்கும் நன்றிங்க. அடியைத் திருப்பிப் பார்த்தேன், கரூர் அண்ணா சொன்னது அப்படியே சரி, வளைந்த பக்கத்தில் சணலே தெரியவில்லை. இரண்டு வரிசையை உருவித் தளர்த்தியதும் பாதி நெளிவு போய்விட்டது, ஆவி கொடுத்ததில் மீதியும் அடங்கிவிட்டது.

டேப் எங்கே, எப்படிக் கேட்டு வாங்குவது? இங்கே கடையில் கேட்டால் பாவாடை நாடாவை எடுத்துக் கொடுக்கிறார்கள். அப்புறம் நேர் நாடா வளைவில் எப்படி உட்காரும்?

திருப்பூர் டேப்கடை

அக்கா, டேப்புக்கு நான் ஆள். டி-சர்ட்டுக் கழுத்துக்கு உள்ளே வைக்கிற நெக் டேப் வேண்டாம், அது 10, 12 மி.மீ. அகலம்தான் இருக்கும், சணல் ஓரத்தை மூடாது. காட்டன் ட்வில் டேப் (சாய்வுக் கோடாக நெசவு தெரிகிற நாடா), 32 மி.மீ. அல்லது 38 மி.மீ. என்று கேளுங்கள். மீன்முள் மாதிரி நெசவு தெரிகிற ஹெர்ரிங்போனும் சரிதான். மிஷின் யூனிட்டுகளில் ரோலாகத்தான் கொடுப்பார்கள், சில்லறையாக வேண்டுமானால் கார்மெண்ட் அக்சசரீஸ் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். சுற்றளவு 93 அங்குலம், மூலைக்கும் இணைப்புக்கும் சுருக்கத்துக்கும் சேர்த்து 3 மீட்டர் வாங்கிவிடுங்கள்.

கையில் வாங்கியதும் இரண்டு சோதனை. ஒன்று, மேலே கோவை அம்மா சொன்ன நெருப்புச் சோதனையே இதற்கும்: காட்டன் காகிதம் எரிகிற வாடையோடு சாம்பலாகும், பாலியஸ்டர் உருகும். பாலியஸ்டர் டேப் விறைப்பு, வழுக்கல், ஊசியால் இழுத்து அமைக்க வராது. இரண்டு, கலர் டேப் என்றால் ஈரமான வெள்ளைத் துணியை வைத்துச் சூடாக அழுத்திப் பாருங்கள், சாயம் ஒட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கறுப்பிலும் சிவப்பிலும் கவனம், ஆவி கொடுக்கும்போது உங்கள் சாம்பல் காளைக்கு ஏறிவிடும். எதுவானாலும் தைக்கும் முன் கொதிநீரில் ஊறவைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டுவிடுங்கள். சுருங்காத காட்டன் டேப் என்று ஒன்றை நான் பார்த்ததில்லை.

கரூர் சாம்பிள்ரூம்

வளைவுக்கு வருகிறேன். டேப்பைத் தைக்கும் விதத்திலேயே பாதி விஷயம் இருக்கிறது. பலர் சணலைப் பின்னால் மடித்துவிட்டு, டேப்பை முதுகில் மட்டும் ஒட்டவைத்துத் தைப்பார்கள். பார்க்கச் சுத்தமாக இருக்கும், ஆனால் மடிப்பு முனையில் சணல் வெளியே தெரியும். அப்படிச் செய்யாதீர்கள். டேப்பை முகப்பக்கத்தில் படுக்கவைத்து, டேப்பின் ஒரு ஓரம் கடைசி வளையத்தை இடித்துக்கொண்டு நிற்க, அந்த ஓரத்திலேயே தைக்க வேண்டும். டேப்பின் மீதி அகலம் வெளிப்பக்கம் சணல் மேல் கிடக்கும். பிறகு சணலையும் டேப்பையும் சேர்த்துப் பின்னால் திருப்பினால் முனையை டேப் மூடிக்கொள்ளும், உள்ளோரத்தைக் கை ஹெம்மிங்கில் பிடித்தால் முடிந்தது. மிஷினில் தைப்பதென்றால் ஜிப் தைக்கிற ஃபுட் போட்டால்தான் வளையத்தை ஒட்டிப் போகும். கையால் என்றால் தடித்த பட்டன் நூலை மெழுகில் ஒருமுறை இழுத்து, பின்தையல் போடுங்கள்.

விப்பிங் செய்கிறவர்களுக்கு இந்த முகப்பக்கத் தையல் தேவையில்லை. முனையை நூல் மூடிவிடும், டேப்பை விப்பிங்குக்குக் கீழே முதுகில் மட்டும் வைத்தால் போதும்.

டேப்பை இழுத்துப் பிடிக்காதீர்கள். இழுத்தால் விரிப்பு கிண்ணமாகக் குவியும், எத்தனை ஆவி கொடுத்தாலும் திரும்பாது. வளைவில் வெளியோரம் சுமார் 57 அங்குலம். ஒன்றேகால் அங்குலம் உள்ளே போனால் அந்த வளைவின் நீளம் 53 அங்குலத்துக்குக் கிட்டத்தான். ஆக உள்ளோரத்தில் நாலு அங்குல டேப் மிச்சம் நிற்கும். அதை ஒரே இடத்தில் மடிப்பாக வைத்தால் காலில் தட்டும். டேப்பின் உள்ளோரத்தில் ஓட்டுத்தையல் ஒன்று போட்டு, நூலை மெதுவாக இழுத்தால் நாலு அங்குலமும் வளைவு முழுவதும் சின்னச் சின்னச் சுருக்கமாகப் பரவிக்கொள்ளும். ஈரத் துணி போட்டு அழுத்தினால் காட்டன் அப்படியே படிந்துவிடும், பிறகு ஹெம்மிங். அடியில் இருக்கும் சணலுக்கும் இதே ஓட்டுத்தையல் போதும். முக்கோணமாகக் கத்தரித்துவிடச் சொல்வார்கள், உங்கள் தளர்ந்த சணலுக்கு அது ஆபத்து. டேப்புக்குப் பதில் துணியைச் சாய்வாக வெட்டின கிராஸ் பீஸ் வைத்தால் வளைவில் சுலபமாக உட்காரும், ட்வில் டேப் அளவுக்கு உழைக்காது.

மூலைகள் இரண்டும் செங்கோணம்தான், அரைவட்டம் என்பதால் கூராக இருக்குமோ என்று பயப்பட வேண்டாம். மூலைச் சணலைச் சாய்வாக வெட்டுங்கள், ஆனால் கடைசி வளையத்திலிருந்து அரை அங்குலத்துக்குக் குறையாமல். வெட்டும் முன் அந்தச் சாய்வுக் கோட்டில் ஒரு ஜிக்ஜாக். முதலில் மூலையை உள்ளே மடி, பிறகு இரண்டு பக்கத்தையும் மடி, நடுவில் 45 டிகிரியில் சேரும். டேப்பை மூலையில் வெட்டாமல் ஒரு மடிப்பு விட்டுத் திருப்புங்கள், எங்கள் ஊரில் டேபிள் மேட்டுக்குப் போடுகிற மைட்டர் மூலைதான் இது.

கோவை கம்பளி

மூலையில் விப்பிங் செய்தால் ஒரே கண்ணில் இரண்டு மூன்று சுற்றுப் போடு கண்ணு, இல்லாவிட்டால் முனையில் சணல் தெரியும்.

இன்னொன்று. பூச்சி. டேப்புக்கு அடியில் இருட்டு, தூசி, கம்பளி மூன்றும் சேர்ந்து கிடைப்பதால் அந்துப் பூச்சிக்கு அதுதான் முதல் இடம். வேப்பிலை, வசம்பு என்று வைத்துவிட்டுச் சும்மா இருந்துவிடக் கூடாது. மாதம் ஒருமுறை திருப்பிப் போட்டு ஓரத்தை விரலால் தடவிப் பார், மெல்ல உதறி, கொஞ்ச நேரம் வெயில் காட்டு. சுவரில் அடித்துத் தூசி தட்டாதே, சணல் ஒடியும். எடுத்து வைக்க வேண்டுமானால் மடிக்காமல் சுருட்டு, முகம் வெளியே இருக்கிற மாதிரி. முகத்தை உள்ளே வைத்துச் சுருட்டினால் பின்பக்கச் சணல் இழுபட்டு வெடிக்கும், வளையங்களும் ஒன்றையொன்று நசுக்கும்.

சென்னிமலைக்காரி

முடிவு செய்துவிட்டேன். வாசலுக்கு என்பதால் இதற்கு டேப், அடுத்து மாமியாருக்கு ஹாலில் போட ஒன்று கேட்கிறார்கள், அதற்கு விப்பிங். திருப்பூரிலிருந்து பச்சை ட்வில் டேப் வருகிறது, 38 மி.மீ. தையல்காரரிடம் ஜிக்ஜாக் மட்டும் போட்டு வாங்கிவிட்டேன். அவர் இன்னும் ஓவர்லாக் போதும் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கடைசியாக ஒன்று: டேப்பை எந்த இடத்தில் தொடங்கி எந்த இடத்தில் சேர்ப்பது?

கரூர் சாம்பிள்ரூம்

வளைவில் சேர்க்காதீர்கள், சுருக்கமும் இணைப்பும் ஒரே இடத்தில் வந்தால் தடித்துக்கொள்ளும். மூலையிலும் வேண்டாம். நேர்ப்பக்கத்தில், ஆனால் நடுவில் இல்லாமல். உங்கள் நேர்ப்பக்கம் நிலைப்படியை ஒட்டித்தானே வரும், நடுவில்தான் எல்லோர் காலும் விழும். ஏதாவது ஒரு மூலையிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொடங்குங்கள். தொடங்கும் முனையை அரை அங்குலம் உள்ளே மடித்துக்கொண்டு தையுங்கள், சுற்றி வந்ததும் முடியும் முனை அந்த மடிப்பின் மேல் ஒரு அங்குலம் ஏறிப் படுக்கட்டும், அதன் வெட்டு ஓரத்தையும் மடித்துக் கையால் தைத்துவிடுங்கள். டேப் வந்ததும் முதலில் கொதிநீர், மறந்துவிடாதீர்கள்.